மெழுகு திறக்கும் கதவு

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போகிறவர்கள் இப்போது பழைய சாலையை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு தஞ்சோங் மாலிம், பேராங், சிலிம் ரிவர், துரோலாக், சுங்காய், பீடோர் எல்லாம் பெரும்பாலானவர்களுக்கு ஓரத்தில் வந்து மறையும் பச்சைப் பலகைகள்தான். பழைய சாலை அப்படியில்லை. ஊருக்குள் புகுந்து, கோயில் வாசலைத் தொட்டு, பள்ளிக்கூடத்தின் முன்னால் வேகம் குறைந்து, தண்டவாளத்தோடு சேர்ந்தும் பிரிந்தும் வடக்கே போகும். பெர்னாம் ஆற்றைக் கடந்தால் சிலாங்கூர் முடிந்து பேராக் தொடங்கும். அதற்கப்புறம் இருபுறமும் செம்பனை, செம்பனை, மறுபடியும் செம்பனை. எப்போதாவது ஒரு மேட்டில் வரிசை குலையாத பால்மரங்கள் தென்பட்டால் கண் தானாக அங்கே போய் நிற்கிறது.

நான் இந்தச் சாலையில் போனதற்கு ஊர் பார்க்கும் ஆசை பாதிக் காரணம். மீதிப் பாதி, என் காடியின் இன்ஜினுக்குள் இருந்த, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பித்தளைச் சாமான்.

காடி பழைய புரோட்டோன் வீரா. கோளாறு ஒன்றும் இல்லை. சூடு காட்டும் முள் என்றும் நிற்கும் இடத்தில்தான் நின்றது. தண்ணீர் குறையவில்லை, எண்ணெய் நிறம் மாறவில்லை. ஆனால் ஈப்போவில் இருக்கும் சித்தியைக் கேமரன் மலைக்கு அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் சாலை அகலமானது, வளைவுகள் தாராளமானவை, ஆனால் இன்ஜினுக்கு மூச்சு வாங்க இடம் கொடுக்காதது. வயதானவரை உட்காரவைத்துக்கொண்டு நடுமலையில் பானெட்டைத் திறந்து ஆவி அடங்கக் காத்திருக்கும் நிலை வரக்கூடாது. அந்தப் பித்தளைச் சாமானை, கெட்டுப்போகாத தெர்மோஸ்டாட்டை, கெட்டுப்போகும் முன்பே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அப்பா காலத்திலிருந்தே எங்கள் குடும்பத்துக் காடிகளைப் பார்த்துவரும் ஒர்க்‌ஷாப் சிலிம் ரிவரில் இருக்கிறது. வழியில் வேறெங்கும் இறங்க மனமில்லை.

தஞ்சோங் மாலிமில் தேநீருக்கு நின்றபோது ஊரின் இரண்டு முகமும் தெரிந்தது. ஒரு பக்கம் 1922இல் சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் பழைய கட்டடங்கள். மறுபக்கம் புரோட்டோன் நகரம். கித்தாவும் செம்பனையும் இருந்த வட்டாரத்தில் 2003இல் கார் ஆலை வந்தது. தோட்டத்து லயங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் இன்று இதைப்போன்ற ஆலைகளில் கதவு மாட்டுகிறார்கள், இன்ஜின் இறக்குகிறார்கள். தாத்தா பால் வெட்டினார், அப்பா லாரி ஓட்டினார், பிள்ளை கார் செய்கிறான். மூன்று தலைமுறையின் உழைப்பும் ஏதோ ஒரு வகையில் சக்கரத்தோடுதான் கட்டப்பட்டிருக்கிறது.

சிலிம் ரிவர் முவாலிம் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். ரயில் நிலையம், அதை ஒட்டிய கடைவரிசை, ஒரு மருத்துவமனை, தமிழ்ப்பள்ளி. ஊருக்குப் பெயர் கொடுத்த ஆறு மலையிலிருந்து இறங்கி வந்து பெர்னாமில் சேர்கிறது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் காலையில் நீலமாகவும் மத்தியானத்தில் மேகத்துக்குள்ளும் இருக்கும். ஒர்க்‌ஷாப் பழைய சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரையின் கீழ்.

மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்தார். கையை வைக்கவில்லை. "சூடு ஆறட்டும் தம்பி. போய்ச் சாப்பிட்டுட்டு வா."

இந்த ஒரு வார்த்தையிலேயே நல்ல மெக்கானிக்கை அடையாளம் கண்டுகொள்ளலாம் என்பது என் எண்ணம். ஓடி வந்த இன்ஜினில் தண்ணீர் நூறு டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். ரேடியேட்டர் மூடி அதை அழுத்தத்தில் பிடித்துவைத்திருக்கிறது. கூலண்ட் கலந்த தண்ணீர் அந்த அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். மூடியைத் திறந்த கணம் அழுத்தம் போய்விடும், தண்ணீர் ஒரே மூச்சில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அவசரப்பட்டு வெந்துபோன கைகளை இந்தத் தொழிலில் நிறையப் பார்க்கலாம்.

சாப்பிட்டுத் திரும்பியபோது அவர் வேலையைத் தொடங்கியிருந்தார். ரேடியேட்டரின் அடியில் தொட்டி வைத்துத் தண்ணீரை வடித்தார். மேல் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்தினார். பழைய ஹோஸ் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுக்கவில்லை, முறுக்கி முறுக்கி விடுவித்தார். அந்த ஹோஸ் வந்து சேரும் இடத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கிறது. அதன் போல்ட்களைக் கழற்றியதும் உள்ளே அது தெரிந்தது: வட்டத் தட்டு, நடுவில் ஒரு வால்வு, பின்னால் ஸ்பிரிங், அதற்குள் விரல்நுனி அளவில் ஒரு பித்தளைக் குப்பி.

குப்பிக்குள் இருப்பது மெழுகு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மெழுகு கெட்டியாக இருக்கும், வால்வு மூடியிருக்கும். இன்ஜினைச் சுற்றியிருக்கும் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வேகமாகச் சூடாகும். என்னுடையதைப் போன்ற காடிகளில் 82 டிகிரி வாக்கில் மெழுகு உருகத் தொடங்கும். உருகும் மெழுகு விரியும். விரிய இடமில்லாமல் நடுவில் உள்ள ஊசியைத் தள்ளும். ஊசி நகர முடியாதபடி தட்டில் பதிந்திருப்பதால் குப்பியே பின்னால் நகர்ந்து, ஸ்பிரிங்கை அழுத்தி, வால்வைத் திறக்கும். 95 டிகிரி ஆகும்போது முழுதாகத் திறந்திருக்கும். சூடு குறைந்தால் மெழுகு இறுகும், ஸ்பிரிங் வால்வை மூடும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம், யாரும் விசையைத் திருப்ப வேண்டாம். மெழுகு உருகும்போது விரியும் என்ற ஒரே ஒரு இயற்கைக் குணத்தை நம்பி, பல ஆண்டுகள், பல்லாயிரம் தடவை அது திறந்து மூடுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் செர்ஜியஸ் வெர்னே, 1930களில், அமெரிக்காவில். அதற்கு முன்பு மடிப்பு மடிப்பான உலோகப் பெட்டிக்குள் எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்துச் செய்தார்கள். அதில் ஒரு மடிப்பு விண்டால் எல்லாம் போயிற்று. குளிர்விக்கும் தண்ணீரை அழுத்தத்தில் வைக்கும் வழக்கம் வந்த பிறகு அந்தப் பெட்டி சூட்டுக்கு அசைகிறதா, அழுத்தத்துக்கு அசைகிறதா என்றே தெரியாமல் போனது. மெழுகுக்கு அந்தக் குழப்பம் இல்லை. சூடு ஒன்றுதான் அதற்குத் தெரியும். இன்றும் உலகத்தில் ஓடும் பெட்ரோல், டீசல் வண்டிகளில் பெரும்பாலானவை வெர்னேயின் மெழுகை நம்பித்தான் ஓடுகின்றன. அவர் பெயரைத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

"பழசு இன்னும் வேலை செய்யுதேண்ணே?" என்றேன்.

"செய்யும். இது கெட்டுப்போனப்புறம் சொல்லிட்டு நிக்கற சாமான் இல்ல. மூடின வாக்குல ஒட்டிக்கிச்சுன்னா பத்து நிமிஷத்துல இன்ஜின் காலி."

அவர் சொன்னது மிகையல்ல. பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடாக இந்தத் தண்ணீருக்குள்தான் இறங்குகிறது. வால்வு மூடியபடி நின்றுவிட்டால் அந்தச் சூடு வெளியேற வழியே இல்லை. விசிறியின் சுவிட்ச் ரேடியேட்டரில் இருக்கும் காடிகளில் இன்னொரு கொடுமை: சுடுதண்ணீர் ரேடியேட்டரை எட்டாததால் அது குளிர்ந்தே கிடக்கும், விசிறியும் சுற்றாது. இன்ஜினின் அடிப்பாகம் இரும்பு, தலைப்பகுதி அலுமினியம். இரண்டும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. கொஞ்சம் மிஞ்சினால் தலைப்பகுதி வளைந்து, நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் போய்விடும். அதன்பின் செலவு ஆயிரம் வெள்ளியில் தொடங்கும். எங்கே முடியும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். தெர்மோஸ்டாட்டின் விலையோ, ஒரு குடும்பம் கடையில் ஒருவேளை சாப்பிடும் காசு.

திறந்த வாக்கில் நின்றுவிடுவது இன்னொரு வகைப் பழுது. அதில் ஆவி வராது, வழியில் நிற்க நேராது. அதனாலேயே அதை யாரும் கவனிப்பதில்லை. இங்கேதான் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. குளிர் நாடுகளில் காருக்குள் வெதுவெதுப்பான காற்று வருவது இந்தத் தண்ணீரின் சூட்டிலிருந்துதான். தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டால் ஓட்டுகிறவரின் கால் விறைத்துப்போகும். மறுநாளே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவார். நமக்கு அந்த ஹீட்டரே தேவையில்லை. இங்கே விற்ற பல காடிகளில் அது பொருத்தப்படவும் இல்லை. ஆகவே இன்ஜின் வருடக்கணக்கில் அரைச்சூட்டில் ஓடினாலும் நம் உடம்புக்குத் தெரியாது.

அதையும் தாண்டி, நல்லாயிருக்கும் தெர்மோஸ்டாட்டையே கழற்றி வீசிவிடும் வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. 'நம்ம ஊர் சூட்டுக்கு அது எதுக்கு?' என்பது கேள்வி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே 33 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்கு வேண்டியது தொண்ணூறு. 33க்கும் தொண்ணூறுக்கும் நடுவில் இருப்பது குளிர்ச்சிதான், இன்ஜினின் கணக்கில். அரைச்சூட்டில் ஓடும் இன்ஜினில் எண்ணெய் போதிய அளவு இளகாது. பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து எண்ணெயைக் கழுவிவிடும். எரியும்போது உண்டாகும் நீராவி வெளியேறாமல் எண்ணெயில் கலந்து சேறாகும். கணினி வைத்த காடிகளில் 'இன்ஜின் இன்னும் சூடாகவில்லை' என்று அது நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். தேய்மானம் கூடும், செலவு கூடும். ஓட்டுகிறவரோ முள் கீழே நிற்பதைப் பார்த்து நிம்மதியாக இருப்பார்.

இதில் இன்னொரு தவறான விளக்கமும் உலவுகிறது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும், ரேடியேட்டரில் சூட்டைக் கொடுக்க நேரம் கிடைக்காது என்பார்கள். அது சரியல்ல, வேகமாக ஓடும் தண்ணீர் சூட்டைக் கடத்துவதில் குறைவைப்பதில்லை. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. மேல் வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு போய் உள்சுற்று வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே திரும்பிவிடும். சாதாரண ஓட்டத்தில் குளிர்ந்தும், மலையேறும்போது கொதித்தும், இரண்டு கேடும் ஒரே காடிக்கு வரும்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அண்ணனுக்குப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய அப்பா புகை வீட்டில் வேலை பார்த்தவர். கித்தாப்பாலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளையில் கொடுத்துக் கோடுபோட்ட ஷீட்டாக்கி, மூங்கில் கழிகளில் தொங்கவிட்டுப் புகை வீட்டில் உலர்த்துவார்கள். அடியில் கித்தா விறகு எரியும். சூடு நாற்பது டிகிரியிலிருந்து மெல்ல ஏறி அறுபதுக்குள் நிற்க வேண்டும். பல நாட்கள் அப்படியே காக்க வேண்டும்.

"கூடினா ஷீட்டுல கொப்புளம் வந்துரும். குறைஞ்சா பூஞ்சணம் புடிச்சிரும். எங்கப்பா ராத்திரி எழுந்து எழுந்து போய் நெருப்பைப் பாப்பாரு. கிராணி காலையில ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாலே தெரிஞ்சிரும், அப்பா தூங்கிட்டாரா முழிச்சிருந்தாரான்னு." சுரண்டியால் பழைய கேஸ்கெட்டை மெதுவாக உரித்துக்கொண்டே சொன்னார். "அந்தக் குப்பியில இருக்கறது என்ன? ராத்திரி முழுக்க முழிச்சிருக்கற ஆளு. அவனைப் போய்க் கழட்டிப் போடலாமா?"

எனக்குத் தெரிந்து தெர்மோஸ்டாட்டுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பொறியியல் புத்தகத்திலும் இல்லை.

புதியதைப் பொருத்துவதில் அவர் காட்டிய கவனத்தைச் சொல்ல வேண்டும். எண்ணைப் பார்த்தார், பழையதில் பொறித்திருந்த 82தான் புதியதிலும். எண்ணைக் குறைத்துப் போட்டால் குளிர்ச்சியாக ஓடும் என்று சிலர் குறைந்த டிகிரிக்குப் போவார்கள். அவர் அதை ஏற்பதில்லை. ஸ்பிரிங் இருக்கும் பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் மெழுகுக்குச் சூடே போய்ச்சேராது. தட்டின் ஓரத்தில் ஆடும் குட்டி ஊசி ஒன்று இருக்கிறது. அது உச்சியில் வரும்படி திருப்பி வைத்தார். தண்ணீர் நிரப்பும்போது உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்று அந்த ஊசித்துளை வழியாகத்தான் மேலேறித் தப்பிக்கும். போல்ட்களை மாறி மாறி, சிறிது சிறிதாக முறுக்கினார். அலுமினியத்தில் பலம் காட்டக் கூடாது. மேல் ஹோஸையும் ரேடியேட்டர் மூடியையும் கையோடு மாற்றினார். குழாய்த் தண்ணீர் ஊற்றவில்லை. கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கலந்து ஊற்றினார். நம் ஊரில் தண்ணீர் உறையாது, பிறகு கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவர் தன் மேசையில் ஒரு பதில் வைத்திருக்கிறார்: வெறும் குழாய்த் தண்ணீரில் ஓடி, துருவும் சுண்ணாம்பும் அப்பி, வால்வு பாதியில் இறுகிப்போன தெர்மோஸ்டாட்டுகள். கூலண்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்துதான் நமக்கு முக்கியம்.

மூடியைப் போடாமலே இன்ஜினை ஓடவிட்டார். குமிழி வந்து வந்து அடங்கியது. மேல் ஹோஸை என்னைத் தொடச் சொன்னார். முதலில் குளிர்ச்சியாகவே இருந்தது. முள் ஏறி நடுவுக்கு வந்த பிறகு திடீரென்று ஹோஸ் சுட்டது. மெழுகு உருகிவிட்டது. நல்ல தெர்மோஸ்டாட்டை இப்படித்தான் கையாலேயே தெரிந்துகொள்ளலாம்: சூடு மெல்ல மெல்ல ஏறக் கூடாது, ஒரேயடியாக வந்து சேர வேண்டும்.

பழையதைக் குப்பையில் போடப் போனவரிடம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதே எண்ணில் கூடுதலாக ஒரு புதியதும் வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். உலு சிலிம் என்றேன். சிரித்துவிட்டு ஒரு துண்டு நைலான் கயிற்றை வெட்டிக் கொடுத்தார்.

சிலிம் கிராமத்தைத் தாண்டி மலையடிவாரம் நோக்கிப் போனால் உலு சிலிம். பாறைக்கு அடியிலிருந்து கொதிநீர் பொங்கும் ஊற்று அங்கே இருக்கிறது. நாட்டிலேயே மிகச் சூடான ஊற்றுகளில் அது ஒன்று என்று பேர்பெற்றது. தித்திவாங்சா மலை பெரும்பாலும் கருங்கல். மழைத்தண்ணீர் அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்சூட்டை வாங்கிக்கொண்டு வேறொரு வெடிப்பு வழியாக மேலேறி வருகிறது. எரிமலை எதுவும் இல்லாத இந்த மலைத்தொடரில் கொதிநீர் கிடைப்பது இப்படித்தான். வருகிறவர்கள் கூடையில் முட்டை வைத்து ஊற்றில் இறக்கி அவித்துச் சாப்பிடுகிறார்கள். சற்றுத் தள்ளி, ஆற்றுநீர் கலந்து ஆறிய இடத்தில் முதியவர்கள் முழங்கால் வலிக்குக் கால் நனைக்கிறார்கள்.

முட்டை அவிக்கும் இடத்தில் இரண்டு தெர்மோஸ்டாட்டுகளையும் கயிற்றில் கட்டி இறக்கினேன். பக்கத்தில் இருந்த மலாய்க் குடும்பம் ஒன்று இது என்ன புதுவகை முட்டை என்பதுபோல் எட்டிப் பார்த்தது. சிறிது நேரத்தில் புதியதன் வால்வு நகரத் தொடங்கியது. நகர்வதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. மெதுவாக, நடுக்கமே இல்லாமல், சுற்றிலும் ஒரே அளவாக விலகித் திறந்தது. பழையது கொஞ்சம் தாமதித்தது. பிறகு ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி திறந்தது. இரண்டையும் தூக்கி வெளியே வைத்தேன். புதியது ஆறியதும் மூடிக்கொண்டது. பழையதில் நகக்கண் அளவுக்கு ஓர் இடைவெளி மூடாமலே நின்றது.

முள் ஒருபோதும் காட்டிக்கொடுக்காத தளர்ச்சி அது. டேஷ்போர்டில் இருக்கும் முள்ளை, சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களுக்கு ஆடாமல் நடுவிலேயே நிற்கும்படிதான் பல காடிகளில் அமைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர் பதறக்கூடாது என்பதற்காக. அந்த நிம்மதியை நம்பி உட்கார்ந்திருந்தால் இந்த இடைவெளி எப்போதும் தெரியவந்திருக்காது. மலாய்க் குடும்பத்தின் தலைவர் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன்னுடைய வேனில் அதைக் கழற்றியே பல காலம் ஆகிறது என்றார். அவித்த முட்டை ஒன்றும் கொடுத்தார்.

ஊற்றிலிருந்து திரும்பி மீண்டும் வடக்கே. சிலிம் ரிவருக்கும் துரோலாக்குக்கும் நடுவில் சாலை செம்பனைக்குள் நேராக ஓடுகிறது. 1942 ஜனவரி 7ஆம் தேதி விடிவதற்கு முன், நிலா வெளிச்சத்தில், ஜப்பானிய டாங்கிகள் இதே சாலையில் எதிர்த்திசையில் வந்தன. கம்பாரில் தடுத்து நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படை பின்வாங்கி இங்கேதான் அணிவகுத்திருந்தது: பஞ்சாபிகள், ஹைதராபாத் படைப்பிரிவு, கூர்க்காக்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள். சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுகள் கித்தாக் காட்டுக்குள் அப்படியே கிடந்தன. டாங்கிகள் அந்த வளைவுகளுக்குள் நுழைந்து தடைகளைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து நின்றன. வழியில் ஒரு பாலத்துக்கு வெடி வைத்திருந்தார்கள். வத்தனாபே என்ற ஜப்பானிய அதிகாரி டாங்கியிலிருந்து இறங்கி வாளால் கம்பியை வெட்டிவிட்டார். காலைக்குள் எல்லாம் முடிந்தது. நான்கே நாளில், ஜனவரி 11 அன்று, கோலாலம்பூர் விழுந்தது.

போரின் கதையை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த டாங்கிகளின் இன்ஜின் மிட்சுபிஷி வடிவமைப்பு, டீசல், காற்றால் குளிர்வது. ரேடியேட்டரும் இல்லை, தெர்மோஸ்டாட்டும் இல்லை. மஞ்சூரியாவின் உறைபனியில் தண்ணீரைக் கட்டி அழ வேண்டாம் என்று ஜப்பானியர் தேர்ந்தெடுத்த வழி அது. 1985இல் மலேசியா தன் முதல் காரான புரோட்டோன் சாகாவை வெளியிட்டபோது அதற்குள் இருந்ததும் மிட்சுபிஷி இன்ஜின்தான். என் வீராவில் இருப்பதும் அதே குடும்பம். இது தண்ணீரால் குளிர்வது. 1942இல் இந்தச் சாலையில் அழிவைக் கொண்டுவந்த ஒரு பெயர், நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தோட்டத்துப் பிள்ளைகள் முதன்முதலாகத் தவணையில் வாங்கிய காடிக்குள் உட்கார்ந்திருந்தது.

மலாயா ஜப்பான் கைக்குப் போனதும் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் பெரும்பாலும் நின்றுபோனது. அமெரிக்கா அவசர அவசரமாகச் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. போர் முடிந்த பிறகும் செயற்கை ரப்பர் போகவில்லை, வளர்ந்தது. இன்று ரேடியேட்டர் ஹோஸும், தெர்மோஸ்டாட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமும் பால்மரத்திலிருந்து வந்தவை அல்ல. கொதிக்கும் கூலண்டைப் பல வருடம் தாங்கும் வலு இயற்கை ரப்பருக்குக் கிடையாது. அண்ணனின் அப்பா இரவெல்லாம் விழித்துக் காத்த ஷீட்டு டயருக்குப் போயிருக்கும், ஹோஸுக்கு வந்திருக்காது. துரோலாக்கில் வண்டியை நிறுத்தி, செம்பனைக்கு நடுவே தப்பி நின்ற சில பால்மரங்களைப் பார்த்தபோது இதைத்தான் நினைத்தேன். இந்தச் சாலையின் இருமருங்கும் இருந்த தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் தமிழர்களை சயாம் மரண ரயில்பாதைக்கு ஏற்றிப்போனார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். அவர்கள் வெட்டிய மரங்களும் இல்லை, அவர்கள் இருந்த லயங்களும் இல்லை. அந்தத் தோட்டங்களில் ஒன்றான கிளுனியின் பெயரைத் தமிழ்ப்பள்ளி ஒன்று இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

சுங்காய், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பேங். பீடோரில் விதையில்லாக் கொய்யா வாங்கியதைத் தவிர எங்கும் இறங்கவில்லை. ஈப்போவில் சுண்ணாம்புக் குன்றுகள் தெரியத் தொடங்கும்போது மாலையாகிவிட்டது.

சித்தி மகன் வாசலிலேயே காத்திருந்தான். மலைக்குத் தன் காடியும் வரும் என்றான். "பெட்ரோல்தான் குடிக்குதுண்ணே. மத்தபடி சூடே ஏறாது. ரொம்ப நல்ல காடி."

காலையில், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த அந்தக் காடியைக் கிளப்பச் சொல்லி மேல் ஹோஸில் கைவைத்தேன். இரண்டு நிமிடத்திலேயே வெதுவெதுப்பு வந்துவிட்டது. பிறகு துளித்துளியாக ஏறியது. திடீரென்று சுடும் அந்தக் கணம் வரவே இல்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெறும் துளை. முந்தைய சொந்தக்காரர் காலத்திலேயே யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். அவனுக்கு அப்படி ஒரு சாமான் இருப்பதே தெரியாது.

என் பையில் இருந்த புதியது அவன் காடிக்குப் பொருந்தாது. உதிரிபாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் இன்ஜின் எண்ணையும் வருடத்தையும் கேட்டு, அலமாரியிலிருந்து சின்ன அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். கேஸ்கெட்டும் வேண்டும் என்றேன். கூலண்டும் வாங்கினோம். பழைய தண்ணீரை வடித்தபோது அது தேநீர் நிறத்தில் வந்தது. சுத்தமாகும்வரை கழுவிவிட்டு, புதியதை ஊசி மேலே இருக்கும்படி வைத்து, போல்ட்களை அவன் கையாலேயே முறுக்கவைத்தேன். சித்தி வாசற்படியில் உட்கார்ந்து, "இன்னிக்கு மலைக்குப் போவீங்களா மாட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஹோஸ் சுட்டு, குமிழி அடங்கி, மூடியைப் போட்டபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மறுநாள் விடிகாலை இரண்டு காடிகளும் சிம்பாங் பூலாய்க்குக் கிளம்பின.